முதுகுவலியும் முகவரியுள்ள கோபமும்

இயக்கத் தோழர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் கடைசிப் பேச்சு முதுகுவலியில்தான் போய் நிற்கிறது. இருபது வருஷமாக டவுன் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் ஊர் ஊராய் அலைந்தவர்கள், மடக்கு நாற்காலியில் ராத்திரி பதினோரு மணிவரை கூட்டம் நடத்தியவர்கள், தரையில் குந்திப் போஸ்டர் எழுதியவர்கள். ஒருத்தர் இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறார். ஒருத்தர் வர்மத்துக்குப் போகிறார். ஒருத்தர் ஸ்கேன் படத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். இவர்களுக்கு நடுவே புதிதாக ஒரு குரல் சேர்ந்திருக்கிறது: 'வலி முதுகுல இல்ல தோழர், மனசுல இருக்கு.' இப்படிச் சொல்கிறவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். இல்லாவிட்டால் செல்போனில் ஒரு சொற்பொழிவு இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்த தெளிவு முகத்தில் இருக்கும்.

இதைக் கேலி செய்து ஒதுக்கிவிடுவது சுலபம். முற்போக்கு வட்டாரத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனசு படுகிற பாடு உடம்பில் போய் உட்காரும் என்பதை நம்ம சனங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அவமானத்தை 'குடலைப் பிடுங்குது' என்றும் துக்கத்தை 'நெஞ்ச அடைக்குது' என்றும் பெரிய இழப்பை 'முதுகெலும்பே முறிஞ்ச மாதிரி' என்றும் சொல்கிற மொழி நம்முடையது. ஆகவே கேள்வி வேறு. இந்த நூல்கள் பேசுகிற முதுகு யாருடைய முதுகு? முதுகில் ஒளிந்திருப்பதாக இவை சொல்கிற கோபம் யாருடைய கோபம்? மருத்துவக் குறிப்பாக மட்டும் பார்க்காமல் ஒரு பிரதியாக எடுத்துவைத்து இவற்றை வாசித்தாக வேண்டும்.

இவ்வகை எழுத்துக்கெல்லாம் மூலப்பிரதி என்று ஒன்றைச் சொல்வதானால், 1991ல் வந்த ஜான் சார்னோவின் 'ஹீலிங் பேக் பெயின்' நூலைச் சொல்லலாம். சார்னோ (1923-2017) நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸ்க் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர். அவர் சொல்வது இதுதான்: நாள்பட்ட முதுகுவலியில் பெரும்பகுதி எலும்பாலோ டிஸ்க்காலோ வருவதல்ல. நமக்கே தெரியாமல் உள்ளே அமுக்கி வைத்திருக்கிற உணர்ச்சிகள், குறிப்பாகக் கோபம், வெளியே வந்துவிடுமோ என்று மூளை பயப்படுகிறது. கவனத்தைத் திருப்புவதற்காக முதுகுத் தசைக்கும் நரம்புக்கும் போகிற ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. பிராணவாயு குறைகிறது, வலி வருகிறது. இதற்கு 'டென்ஷன் மையோசைட்டிஸ் சின்ட்ரோம்' என்று ஒரு பெயரும் வைத்தார். மருந்து வேண்டாம், பெல்ட் வேண்டாம், மசாஜ் வேண்டாம். வலியின் காரணத்தைப் புரிந்துகொள். தினமும் சில வாசகங்களை எடுத்துப் படி. வலி வரும்போது முதுகை நினைக்காதே, மனசில் என்ன ஓடுகிறது என்று பார். குனியவும் தூக்கவும் பயப்படாதே. இவ்வளவுதான் வைத்தியம்.

பிராணவாயுக் கதையை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. சார்னோ தன் முறையைக் கட்டுப்பாட்டுச் சோதனை வைத்து நிரூபிக்கவுமில்லை. ஆனால் அவர் தட்டிய கதவுக்குப் பின்னால் விஷயம் இருந்தது. 1994ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கி இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அதாவது படத்தில் தெரிகிற கோளாறும் உடம்பில் தெரிகிற வலியும் எப்போதும் ஒன்றல்ல.

இது நமக்கு முக்கியமான செய்தி. திண்டுக்கல்லில் எந்த எலும்பு ஆஸ்பத்திரித் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் இரண்டு வார்த்தைகள் காதில் விழும்: 'தேய்மானம்', 'ஜவ்வு விலகியிருக்கு'. டாக்டர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போகிற இந்த வார்த்தையைத்தான் கூலிக்காரர் ஆயுசுக்கும் சுமக்கிறார். 'எனக்கு ஜவ்வு விலகிப்போச்சுங்க' என்று சாதிச் சான்றிதழ் மாதிரி எடுத்து நீட்டுகிறார். குனிந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று பயந்துகொண்டே குனிகிறார். வலியைவிட அந்தப் பயம் உடம்பை அதிகமாக இறுக்குகிறது. ஸ்கேனுக்கு வாங்கிய வட்டிக் கடன் இன்னொரு இறுக்கம். இந்தப் பயத்தைக் கழற்றி வைக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

சோதனை வைத்துப் பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 2022ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் அச்சான அமெரிக்க ஆய்வு ஒன்று, சார்னோவின் வழியில் வளர்ந்த ஒரு முறையை 151 பேரிடம் சோதித்தது. உடம்புக்கு ஆபத்தில்லை, இது மூளையின் பொய் எச்சரிக்கை என்று நாலு வாரம் பேசிப் பேசிப் பழக்கியதில் 66 சதவீதம் பேருக்கு வலி போனது, அல்லது போனது போல ஆனது. வெறும் உப்புத்தண்ணீர் ஊசி என்று சொல்லியே ஊசி போட்டுக்கொண்டவர்களில் 20 சதவீதம். வழக்கமான வைத்தியத்திலேயே இருந்தவர்களில் 10 சதவீதம். சின்ன விஷயமில்லை இது. ஆனால் அந்த ஆய்வாளர்களே நேர்மையாக ஒன்றை எழுதியிருக்கிறார்கள்: கலந்துகொண்டவர்கள் ஓரளவு நல்ல படிப்புப் படித்தவர்கள், சுறுசுறுப்பாக இயங்குகிறவர்கள், வலியின் கடுமையும் குறைவு அல்லது நடுத்தரம். இந்த ஒரு வரியிலிருந்துதான் நம்ம விமர்சனம் தொடங்க வேண்டும்.

சார்னோவின் பக்கங்களில் வருகிற நோயாளி எப்படிப்பட்டவர்? எதையும் குறையில்லாமல் செய்யத் துடிப்பவர். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பாடுபடுபவர். வலிக்குப் பயந்து டென்னிஸ் ஆடுவதையும் ஓடுவதையும் நிறுத்தியவர். அவருக்கு 'பயப்படாதே, போய் ஆடு' என்பது விடுதலைச் செய்தி. நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்னாலேயே மல்லிகைக் காட்டில் இறங்கி, மடியைக் கட்டிக்கொண்டு இடுப்புயரச் செடிக்குக் குனிகிற பெண்ணுக்கு அந்தச் செய்தி என்ன சொல்லும்? அவள் எதையும் நிறுத்தவேயில்லையே. வலியோடு குனிகிறாள், வலியோடு வந்து சோறாக்குகிறாள். வலி வந்தால் ஓய்வெடுத்துக்கொள்கிற ஒரு உடம்பை, அந்த ஓய்வுக்குச் சம்பளம் பிடிக்காத ஒரு வேலையை, கேட்காமலே இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் இந்தப் பிரதி எழுதப்பட்டிருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், வேடசந்தூர் நூல் மில்லில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பெண், சின்னாளப்பட்டியில் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தவர், பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலை இழுத்துப்போட்டு, மரத்திட்டின்மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் கத்தி பிடித்துச் சதை சீவியவர் – இந்த உடம்புகளுக்கு அங்கே பக்கமில்லை. 'உடம்புக்கு ஆபத்தில்லை' என்பது இவர்கள் விஷயத்தில் பாதி உண்மைதான். மீதிப் பாதி வேலையில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும். நம்ம ஊர்ப் பெண்களிடம் முதுகுவலி எப்போதிலிருந்து என்று கேட்டால், பத்தில் பாதிப் பேர் 'முதுகுல ஊசி போட்டதுலருந்து' என்பார்கள். பிரசவ ஆபரேஷனுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் முதுகுத்தண்டில் போட்ட மயக்க ஊசியைச் சொல்கிறார்கள். அந்த ஊசியால் இத்தனை வருஷம் வலிக்காது என்று டாக்டர்கள் சொல்வார்கள். சார்னோ இருந்திருந்தால் 'பார், தப்பான நம்பிக்கை' என்று சொல்லியிருப்பார். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். தன் உடம்பை யாரோ, எதையும் கேட்காமல், 'குனிஞ்சு உட்காரு, அசையாத' என்று அதட்டிக் கையாண்ட ஒரு நிமிஷத்தை அவள் அடையாளம் காட்டுகிறாள். வலிக்குப் பிறந்தநாள் வைக்கிறாள். இது அவளுடைய மனசு–உடம்புத் தத்துவம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு, நியூயார்க்கில் எழுதியதை மட்டும் அறிவியல் என்று எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

இனி கோபத்துக்கு வருவோம். சார்னோவின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் முரண்படுகிற இடமும் ஒன்றுதான். முதுகில் இருப்பது கோபம் என்கிறார். சரி. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? குழந்தைப் பருவத்திலிருந்து, 'நான் நல்லவனாக இருக்க வேண்டும்' என்று தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டாயத்திலிருந்து, வேலை குடும்பம் போன்ற அன்றாட நெருக்கடியிலிருந்து. எல்லாம் வீட்டுக்குள், மனசுக்குள். நிலவுடைமை, நிறம், சாதி எதுவும் அந்த ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லவனாக நடந்துகொள்வது அவருடைய நோயாளிகளுக்குக் குணம். நமக்கு அது உயிர்ப் பிழைப்பு. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டியது, செருப்பைக் கையில் பிடித்தது, 'சாமி' என்று குனிந்தது இவையெல்லாம் நல்ல பெயர் வாங்குகிற ஆசையில் செய்ததா? பேஷ்வாக்கள் ஆட்சியில் புனேயில் தீண்டத்தகாதவர் தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு நடக்க, இடுப்பில் துடைப்பம் கட்டியிருக்க வேண்டும் என்றிருந்ததை 1936ல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் எழுதிக் காட்டினார். இடுப்பு என்பது இந்த நாட்டில் வெறும் எலும்பும் தசையும் அல்ல, சட்டம் எழுதிய இடம்.

சார்னோவுக்கு முப்பது வருஷம் முந்தியே இதைப் பார்த்தவர் ஃபிரான்ஸ் ஃபனான். கறுப்பின மனநல மருத்துவர். 1953லிருந்து அல்ஜீரியாவில் பிளிடா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1961ல் வந்த அவருடைய கடைசி நூலின் இறுதி அத்தியாயத்தில் காலனியப் போர் உண்டாக்கிய மனநோய்களை வரிசைப்படுத்துகிறார். அதில் ஒன்று, உடம்பு முழுக்கத் தசை இறுகிப்போய் விறைத்து நிற்பது. மாடிப்படி ஏறமுடியாது, வேகமாக நடக்கமுடியாது, தளர்ந்து உட்காரமுடியாது. காலனி ஆதிக்கத்துக்கு முன்னால் மனசைத் திறக்க மறுக்கிறவனின் மறுப்பு தசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஃபனான் அதைப் படித்தார். சார்னோவும் ஃபனானும் ஒரே தசையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் விரல் வீட்டைக் காட்டுகிறது, இன்னொருவர் விரல் தெருவைக் காட்டுகிறது. மனசு–உடம்பு என்று இப்போது பேசுகிறவர்கள் ஃபனான் பெயரை உச்சரிப்பதேயில்லை என்பது தற்செயலாக நடந்ததென்று நான் நினைக்கவில்லை.

நம்ம இலக்கியத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாமாவின் 'கருக்கு' (1992). பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கிறாள். அவர்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறான். அந்த நிமிஷத்தில் சிரிப்பு நின்று கோபம் வருகிறது. போய் அந்தப் பலகாரத்தைத் தானே தொட்டுவிட வேண்டும் போல இருக்கிறது அவளுக்கு.

சார்னோ, காரணம் தெரிந்தால் வலி போகும் என்கிறார். அவருடைய வைத்தியமே அறிவுதான். 'கருக்கு' சிறுமிக்கும் அறிவுதான் கிடைக்கிறது. ஆனால் அவள் விஷயத்தில் காரணம் தெரிந்தபிறகுதான் வலியே தொடங்குகிறது. வேடிக்கையாக இருந்த ஒரு வளைந்த முதுகு, காரணம் தெரிந்ததும் தாங்கமுடியாத முதுகாகிறது. அந்தத் தாங்கமுடியாமை ஒரு ஆளைப் படிக்கவைக்கிறது, எழுதவைக்கிறது, மடத்தைவிட்டு வெளியே வரவைக்கிறது. கோபத்தை அடையாளம் கண்டால் போதும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது சார்னோவின் நிலை. ஒன்றும் செய்யத் தேவையில்லாத வாழ்க்கை வாய்த்தவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

இதற்கு நம்ம பக்கத்து வடிவத்தையும் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வகைப் பயிற்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைதான். 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, 1958ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 2006ல் மறைந்தவர். சமஸ்கிருத மிரட்டல் இல்லாமல், மொட்டையடித்துக் காவி கட்டச் சொல்லாமல், குடும்பத்தில் இருப்பவர்களுக்காக எளிய தமிழில் ஒரு முறையை உண்டாக்கியவர் என்பதை மறுக்க முடியாது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனம் என்று போகிற அவருடைய எளியமுறை உடற்பயிற்சி முதுகுக்கு நல்லது. நானும் செய்து பார்த்திருக்கிறேன், பலன் இருக்கிறது. விலா எலும்பு விரிய மூச்சை இழுத்து விடுகிற சுகம் பாயில் படுத்துக் கிடப்பதில் வராது.

சிக்கல் அகத்தாய்வில் வருகிறது. அதில் 'சினம் தவிர்த்தல்' என்று ஒரு பாடம். யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் போட வேண்டும். பிறகு அமைதியான நிலையில் அவர்களை நினைத்து 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். அவர் இதைப் பெரும்பாலும் வீட்டைக் கருதித்தான் சொல்கிறார். நமக்கு நெருக்கமானவர்கள்மேல்தான் அதிகம் சினம் கொள்கிறோம் என்பது அவர் வாதம். அந்த அளவில் அது நம்ம ஆம்பளைங்களுக்குத் தேவையான பாடம்தான். வெளியே ஆண்டை முன்னால் கைகட்டி நின்றவன் வீட்டுக்கு வந்து பொண்டாட்டி முதுகில் இறக்குவதை 'சங்கதி'யில் (1994) பாமா ஒளிக்காமல் எழுதினார். முகவரி மாறிப்போன கோபம் அது. அவன் வாழ்த்தட்டும், அவளும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் அதே பாடத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனால் என்னவாகும்? 1997ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக முருகேசனை வெட்டினார்களே, அந்த ஊர்ச் சேரியில் நின்றுகொண்டு யாரை நினைத்து 'வாழ்க வளமுடன்' சொல்வது?

இன்னொன்று 'பதிவு'. நம் நோய்க்கும் துன்பத்துக்கும் காரணம் கருமையத்தில் இருக்கிற வினைப்பதிவுகள், அவை அப்பன் பாட்டன் வழியாகவும் வந்து சேரும் என்று மனவளக்கலை சொல்கிறது. பாட்டன் முதுகு பேரன் முதுகில் வந்து வலிக்கும் என்பதை நான் ஒரு கவிதையாக ஒப்புக்கொள்வேன். ஆனால் அதை 'வினை' என்கிறபோது, பண்ணையில் உழைத்துத் தேய்ந்தவன் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறான், தேயவைத்தவன் தப்பித்துவிடுகிறான். 1957ல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளை இங்கே வைத்துப் படிக்க வேண்டும். வாழ்வே துக்கம், பிறப்பே துக்கம் என்று மட்டும் சொன்னால் மனிதனுக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும் என்று அவர் கேட்டார். கர்மத்தையும் மறுபிறப்பையும் பற்றியும் அங்கே கேள்வி எழுப்பினார். துக்கத்தைத் தனி ஆளின் மனசிலிருந்து எடுத்து, மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலுள்ள உறவில் கொண்டுபோய் வைத்தது அவர் செய்த பெரிய வேலை. தியானத்தை அவர் வெறுத்தார் என்று இதற்குப் பொருளில்லை.

மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலுள்ள உறவு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. சில சமயம் அது ஒரு மரக்காம்பின் நீளம். கலிபோர்னியா மாநிலத்து வயல்களில் மெக்சிகோ வம்சாவளிக் கூலிகளுக்குக் குட்டைக் காம்புக் களைக்கொத்தியைத்தான் கொடுத்தார்கள். 'எல் கொர்த்தீத்தோ', அதாவது குட்டையானது, என்று அதற்குப் பெயரே இருந்தது. நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்துத்தான் வேலை செய்ய முடியும். பயிருக்கு அதுதான் நல்லது என்றார்கள் முதலாளிகள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது: எவன் நிமிர்ந்தாலும் தூரத்திலிருந்தே மேஸ்திரி கண்ணில் பட்டுவிடுவான். கூலிகளும் அவர்கள் வக்கீல்களும் வழக்காடினார்கள். முதுகெலும்பு என்ன ஆகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975ல் குட்டைக் களைக்கொத்தி அங்கே தடைசெய்யப்பட்டது. சார்னோவின் புத்தகம் வருவதற்குப் பதினாறு வருஷம் முன்னால், அதே அமெரிக்காவில், முதுகுவலிக்கு நடந்த வைத்தியம் இது. காம்பை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

நம்ம பக்கம் இப்படி எத்தனை சொல்ல முடியும்? 2021ல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே கேரளத்தில் அந்தச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டுப் பெண்கூட்டு அமைப்பின் போராட்டம் இருந்தது. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களின் இடுப்புக்கு அந்த ஸ்டூல்தான் முதல் மருந்து. தோல் ஷாப்பு முதுகுகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் குரோமியத்தால் வருகிற நோய் இருந்தது, குனிந்தே தேய்ந்த முதுகு இல்லை. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் மாசைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, அதில் பேசப்பட்ட ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கணக்காவது வந்தது. நிலமே இல்லாமல் குழிக்குள் நின்றவனின் இடுப்புக்கு எந்த ஆணையம்?

தி. செல்வராஜின் 'தோல்' (2010) இந்த இடத்தில்தான் வருகிறது. 2012ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்தப் பெரிய நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த தொழிலாளர்களையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் சொல்கிறது. சில இடங்களில் கட்சி வரலாறு கதையை அமுக்கிவிடுகிறது என்பது என் குறை. இருந்தாலும் உடம்பை அவர் விட்டுவிடவில்லை. சுண்ணாம்பு அரித்த கையும் நாற்றம் ஏறிய தோலும் ஒரு நாவலுக்குள் வந்து உட்கார்ந்ததே பெரிது. தொழிலாளி கையை ஓங்குகிற நிமிஷத்தில் அவன் முதுகு என்னவாகிறது என்று படித்துப் பாருங்கள். முதுகுவலி நூல்களை வாசிக்கிற தோழர்கள் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம் அது.

அப்படியானால் மனசு வழி வைத்தியத்தை என்ன செய்வது? எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், இதைச் சார்னோவே வற்புறுத்தியிருக்கிறார். நம்ம சனங்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, இவற்றோடு முதுகுவலி என்றால் அது முதுகெலும்பு டி.பி.யாக இருக்கலாம். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கண்ணை மூடி உட்கார்ந்து எண்ணத்தை ஆராய்வது உயிருக்கே ஆபத்து. அப்படி ஒன்றும் இல்லையென்றால், வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காமல் நடமாடுவதும், 'தேய்மானம்' என்ற வார்த்தையைத் தலையிலிருந்து இறக்கி வைப்பதும், மூச்சைக் கவனிப்பதும் நிச்சயம் உதவும். 2016ல் 342 பேரிடம் நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் மனதைக் கவனிக்கும் தியானப் பயிற்சி எடுத்தவர்களில் 60 சதவீதம் பேர் அன்றாட வேலைகளைச் செய்வதில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். வழக்கமான வைத்தியத்திலேயே இருந்தவர்களிலும் 44 சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

கோபப் பட்டியலும் போடலாம். போடத்தான் வேண்டும். நம்ம தோழர்கள் பலருக்கு முதுகில் இருப்பது எதிரிமேல் உள்ள கோபம் மட்டுமில்லை. மேடையில் நம்மை ஒதுக்கிய தலைமைமேல், கூட்டணிக்காக வாயை மூடச் சொன்னவர்மேல், அம்பேத்கர் படத்தின் கீழேயே உட்சாதி பார்த்தவர்மேல் இருக்கிற, சொல்ல முடியாத கோபமும் இருக்கிறது. சார்னோ சொன்ன 'அமுக்கிய கோபம்' நம்மிடம் இருக்கிறதென்றால் அது இங்கேதான் அதிகம். அதைப் பட்டியலில் எழுதும்போது குழந்தைப் பருவம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் பேரையும் தேதியையும் எழுதுங்கள். வாழ்த்துவதா, மனுப் போடுவதா, கூட்டத்தில் எழுந்து கேட்பதா என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இதழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம மாவட்டத்து முதுகுகளின் வரலாறு எங்கேயும் எழுதப்படவில்லை. பூக்காட்டில், வெங்காயக் காட்டில், மில்லில், தோல் ஷாப்பில், நகராட்சிச் சாக்கடையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். எந்த வேலை, எத்தனை மணி நேரம், வலி எந்த வருஷம் வந்தது, அன்றைக்கு என்ன நடந்தது. களைக்கொத்தியின் காம்பு எத்தனை சாண், அதை யார் வாங்கித் தருகிறார்கள், நடுவில் ஒருத்தி நிமிர்ந்து நின்றால் வரப்பில் நிற்கிறவர் என்ன சொல்கிறார் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.